கச்சேரியும் ஓவியமும் பிடித்த தம்பதிக்குக் கட்டுப்படியாகும் ஐரோப்பிய நகரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ், ரோம், வெனிஸ் எல்லாம் விலை விசாரித்துவிட்டோம். கட்டுப்படியாகவில்லை. வேறு எந்த ஊருக்குப் போகலாம்?

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குப் போங்கள். அது ஒத்துவராவிட்டால் போலந்தில் இருக்கும் கிராகோவ்.

விலை மலிவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மலிவான ஊர்கள் ஐரோப்பாவில் வேறு பலவும் உண்டு. கலையில் ஈடுபாடுள்ள இரண்டு பேருக்கு ஒவ்வொரு மாலையும் போய் உட்கார ஓர் அரங்கம் வேண்டும். அந்த அரங்கின் டிக்கெட், உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் ஓய்வூதியத்தில் வாழும் பாட்டியும் வாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும். அப்படி உள்ளூர்க்காரர்களே நிறைந்திருக்கும் அரங்கில்தான் நிகழ்ச்சியும் தரமாக இருக்கும், உங்கள் பணமும் மிஞ்சும். புடாபெஸ்டில் இது இன்னும் நடக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனியாகக் கச்சேரி நடத்தும் ஊர்களில் இரண்டுமே கிடைப்பதில்லை.

எட்டு நாள் இருக்கிறது. நான்கு நாடுகள் பார்த்துவிடலாமே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்: ஒரே ஊரில் தங்குங்கள்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்குச் செலவில் பெரும்பங்கு விமானக் கட்டணம். அதைக் கொடுத்து அங்கே இறங்கிய பிறகு, ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் ரயில் டிக்கெட், டாக்ஸி, புதிய ஊரின் போக்குவரத்து அட்டை என்று பணம் கரையும். அறையைக் காலி செய்வது பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ. அடுத்த அறை கிடைப்பது பிற்பகலில். நடுவில் பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். மாலையில் களைத்துப்போய் அறையிலேயே படுத்துவிடுவீர்கள். மாலைதானே நமக்கு முக்கியம்? பகலில் யார் வேண்டுமானாலும் ஒரு கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். இரவு ஏழு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் விளக்கு அணைந்து வாத்தியங்கள் சுருதி சேர்க்கும்போது நீங்கள் உள்ளே இருக்க வேண்டும்.

ஒரே இடத்தில் ஏழு இரவு எடுத்தால் வாடகையில் தள்ளுபடி கிடைப்பதும் உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ரொட்டிக் கடைக்காரருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். அந்தச் சுகத்தையும் கணக்கில் சேருங்கள்.

புடாபெஸ்டில் ஏழு நாளுக்கு விஷயம் இருக்கிறதா?

தாராளமாக. பூடா, ஓபுடா, பெஸ்ட் என்ற மூன்று ஊர்கள் 1873இல் இணைந்து உருவான நகரம் இது. டான்யூப் நதிக்கு மேற்கே குன்றும் கோட்டையுமாகப் பூடா; கிழக்கே சமதளத்தில் அகன்ற சாலைகளுடன் பெஸ்ட். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் இரண்டாவது தலைநகராக, வியன்னாவுக்குச் சளைத்ததல்ல என்று காட்டவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைக் கட்டினார்கள். அந்தப் போட்டியின் பலன் இன்று உங்களுக்கு. 1896இல் ஓடத் தொடங்கிய எம்1 சுரங்க ரயில் இன்னும் ஓடுகிறது. வழக்கமான டிக்கெட்டிலேயே அதில் போகலாம். மரச்சட்டம் போட்ட சின்ன நிலையங்கள், பளபளக்கும் வெள்ளை ஓடுகள், தலைக்கு மேல் இரண்டு அடி மண்தானோ என்று தோன்றும் அளவுக்கு ஆழமற்ற பாதை.

அந்த ரயிலின் கடைசிப் பகுதியில் இருக்கும் நகரப் பூங்காவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். நுண்கலை அருங்காட்சியகத்தில் எல் கிரெக்கோவும் கோயாவும் இருக்கிறார்கள். ஸ்பெயினுக்கு வெளியே இவ்வளவு நல்ல ஸ்பானிய ஓவியத் தொகுப்பு அபூர்வம். பூங்காவுக்குள்ளேயே ஜப்பானியக் கட்டடக் கலைஞர் சோ ஃபுஜிமோட்டோ வடிவமைத்த இசை இல்லம் 2022இல் திறக்கப்பட்டது. மரங்களுக்காகக் கூரையில் வட்ட வட்டமாகத் துளை விட்டிருக்கிறார்கள். அதே ஆண்டில் இனவரைவியல் அருங்காட்சியகமும் அங்கே புதுக் கட்டடத்துக்கு வந்தது. அதன் கூரை மேலேயே புல்வெளியில் நடக்கலாம், அதற்குக் காசு இல்லை.

இன்னொன்று. நம் நாட்டின் நவீன ஓவியத்தை மாற்றிப்போட்ட அம்ரிதா ஷேர்-கில் பிறந்தது இந்த ஊரில்தான், 1913இல். அம்மா ஹங்கேரியர். 1937இல் தென்னிந்தியா வந்து, அந்தப் பயணத்தின் விளைவாக மூன்று மகத்தான ஓவியங்களை வரைந்தார். அவருடைய படைப்புகளில் பெரும்பாலானவை டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. போகும் முன் அவற்றைப் பார்த்துவிட்டு, அவர் கைபிடித்து நடந்த தெருக்களைப் பிறகு பாருங்கள். அந்த ஊர் வேறு மாதிரி தெரியும்.

ஆபெராவுக்கு டிக்கெட் எப்படி வாங்குவது? எவ்வளவு ஆகும்?

ஆபெரா என்பது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய இசை நாடகம். டிக்கெட்டை ஹங்கேரிய அரசு ஆபெராவின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். மிக்லோஷ் யிப்ள் வடிவமைத்து 1884இல் திறந்த அரங்கம் அது. நீண்ட புதுப்பிப்புக்குப் பிறகு 2022இல் மறுபடி திறந்தது. புகழ்பெற்ற இசையமைப்பாளர் குஸ்தவ் மாலர் 1888 முதல் 1891 வரை இங்கே இயக்குநராக இருந்தார்.

கீழ்த்தள இருக்கைகள் இப்போது மலிவில்லை. மேல்மாடங்களின் ஓர இருக்கைகள் ஒரு நல்ல மதிய உணவின் விலைக்குள் கிடைக்கும். பார்வை மறைக்கும் இருக்கைகளை டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு எடுங்கள். என் யோசனை: ஒரு மாலை நடுவில் நல்ல இடத்தில் அமருங்கள், இன்னொரு மாலை மாடத்தில். மாடத்தில் ஒலி அருமையாக மேலேறி வரும். மேடைக்கு மேலே ஆங்கிலத்திலும் வரிகள் ஓடுவதால் கதை புரியாமல் தவிக்க வேண்டியதில்லை. ஆபெராவே பழக்கமில்லையென்றால் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் நீளமான ஆபெராக்களில் தொடங்காமல், இத்தாலியரான புச்சினியில் தொடங்குங்கள்; சீக்கிரம் முடிந்துவிடும், மெட்டு அன்றிரவு தூங்கும்வரை காதில் நிற்கும்.

தெருவில் மோட்சார்ட் காலத்துப் பொய்முடியும் சரிகைக் கோட்டும் அணிந்து டிக்கெட் விற்கிறவர்களை வியன்னாவிலும் பிராகிலும் நிறையப் பார்ப்பீர்கள். அவர்களிடம் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு உண்மையான அரங்கிலேயே இடம் கிடைக்கும்.

நாங்கள் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள். மேற்கத்திய இசை எங்களுக்கு ஒட்டுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. உங்களுக்காகவே அமைந்த ஊர் இது.

பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் பெயர் தாங்கிய லிஸ்ட் இசைக் கல்விக்கழகம் 1875இல் தொடங்கியது. இப்போதைய கட்டடம் 1907இல் வந்தது. உள்ளே நுழைந்ததும் நீலப்பச்சை ஓடுகளும் பொன்னிற அலங்காரமுமாகக் கண் கூசும். பெரிய மண்டபத்தில் புகழ்பெற்ற இசைக்குழுக்கள் வாசிக்கும். சிறிய மண்டபத்தில் மாணவர்கள் வாசிப்பார்கள். அவற்றில் சிலவற்றுக்குக் கட்டணமே இல்லை. இருபது வயதுப் பிள்ளை வாழ்க்கையையே பணயம் வைத்து வாசிப்பதை எட்டடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பது, எந்த நட்சத்திரக் கச்சேரிக்கும் குறைந்ததல்ல. லிஸ்ட் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். அங்கே சனிக்கிழமை முற்பகல்களில் சிறிய கச்சேரி நடக்கும். மார்கழியில் காலைக் கச்சேரிக்குப் போகிற மனநிலையோடு போய் உட்காருங்கள்.

அடுத்தது நாட்டுப்புற இசை. ஹங்கேரிய இசையமைப்பாளர்களான பேலா பார்டோக்கும் ஸோல்டான் கொடாயும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் உழவர்களின் பாட்டைப் பதிவு செய்தார்கள். அந்தப் பாடல்களில் ஐந்து சுரங்களே கொண்ட மெட்டுகள் ஏராளம். மோகனமும் இந்தோளமும் பழகிய காது அவற்றை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். கமகம் இருக்காது, ஆனால் பாட்டுக்காரர் ஒரு சுரத்தை அசைத்து இறக்கும்போது நம்மை அறியாமல் தலை ஆடும். சிம்பலோம் என்ற தந்தி வாத்தியத்தையும் கேளுங்கள். நம் காஷ்மீரத்துச் சந்தூருக்கு உறவுக்காரர் அது. கச்சேரி மேடைக்கேற்ற பெரிய வடிவத்தை இதே புடாபெஸ்டில் 1874இல் யோஷெஃப் ஷுண்டா உருவாக்கினார்.

டான்ஸ்ஹாஸ் என்ற நாட்டுப்புற நடனக் கூடல் மாலைகளும் உண்டு. 1972இல் இந்த நகரத்தில் இளைஞர்கள் தொடங்கிய இயக்கம். 2011இல் யுனெஸ்கோ இதை மரபைக் காக்கும் நல்ல முறைகளின் பட்டியலில் சேர்த்தது. வயலின் குழு நேரடியாக வாசிக்க, முதலில் அடி சொல்லித் தருவார்கள், பிறகு எல்லோரும் ஆடலாம். நுழைவுக் கட்டணம் சொற்பம். கணவன் மனைவியாகப் போகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

எந்த மாதம் போகலாம்?

அக்டோபர். ஆபெராவும் கச்சேரி அரங்குகளும் செப்டம்பர் முதல் ஜூன் வரைதான் முழுமூச்சாக இயங்கும். ஜூலை, ஆகஸ்டில் விமானக் கட்டணமும் உச்சம், வெயிலும் உச்சம், அரங்குகளோ பெரும்பாலும் விடுமுறையில். நம் பள்ளி விடுமுறைக் கணக்கில் மே மாதம்தான் முடியும் என்றால் அதுவும் நல்லதே.

அக்டோபர் 23 ஹங்கேரியின் தேசிய நாட்களில் ஒன்று; சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்த 1956 புரட்சியின் நினைவு. அன்றைக்கும் மார்ச் 15, ஆகஸ்ட் 20 ஆகிய நாட்களிலும் அரசு அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளை இலவசமாகத் திறந்துவிடுவது வழக்கம். கூட்டம் இருக்கும்தான். ஆனால் நிற்பவர்கள் அந்த ஊர்க் குடும்பங்கள்.

மிக மலிவு ஜனவரியும் பிப்ரவரியும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் குளிர் தாங்குமானால் போங்கள்.

எங்கே தங்குவது?

ஏழாம் வட்டாரத்தின் நடுப்பகுதியைத் தவிருங்கள். பாழடைந்த பழைய கட்டடங்களுக்குள் நடக்கும் மதுக்கூடங்கள் அங்கே இருப்பதால் விடிய விடியச் சத்தம். பதின்மூன்றாம் வட்டாரத்தின் ஊய்லிபோட்வாரோஷ் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. 1930களில் கட்டிய அடுக்குமாடிகள், ஆற்றோரப் பூங்கா, புத்தகக் கடைகள், முதியவர்கள் செய்தித்தாள் படிக்கும் காபிக் கடைகள். நான்கு, ஆறு எண் டிராம்கள் பக்கத்தில் ஓடும். தேசிய அருங்காட்சியகத்தின் பின்புறத் தெருக்களும் அமைதியானவை.

பயணச்சீட்டு தனித்தனியாக வாங்காமல் பல நாளுக்கான அட்டை வாங்குங்கள். பரிசோதகர்கள் அடிக்கடி வருவார்கள், தயவு காட்டமாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து வரும் 100ஈ பேருந்துக்கு மட்டும் தனிச் சீட்டு வேண்டும். இரண்டாம் எண் டிராம் டான்யூப் கரையோரமாகவே போகும். பாராளுமன்றத்தையும் கோட்டையையும் பார்க்கப் படகுச் சவாரிக்குக் கொடுக்கும் பணம் அதில் மிச்சம்.

அந்தக் கரையில், பாராளுமன்றத்துக்குக் கொஞ்சம் தெற்கே, அறுபது ஜோடி இரும்புக் காலணிகள் கிடக்கும். 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரிய நாஜிகளான அம்புச்சிலுவைக் கட்சியினர் யூதர்களைக் காலணி கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளிய கொடுமையின் நினைவு. அங்கே வேடிக்கையாகப் படம் எடுக்காதீர்கள்.

வெந்நீர்க் குளியல் இல்லங்களுக்குப் போகலாமா? கூச்சமாக இருக்கிறது.

போங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கும் இடங்களில் நீச்சலுடை கட்டாயம் என்பதால் நீங்கள் பயப்படுகிற மாதிரி எதுவும் இருக்காது. 1913இல் திறந்த செச்சேனி மிகப் பிரபலம். மஞ்சள் அரண்மனைக்கு நடுவே ஆவி பறக்கும் குளம். ஆனால் விலை ஏறிக்கொண்டே போகிறது. லுகாச் என்பது உள்ளூர்க்காரர்கள் போகும் இடம், விலையும் குறைவு. நோய் தீர்ந்தவர்கள் நன்றியோடு பதித்த கல்வெட்டுகள் அதன் முற்றத்துச் சுவரில் பல மொழிகளில் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கே போகலாம். ருடாஷ் பதினாறாம் நூற்றாண்டின் துருக்கியக் குவிமாடம். அதன் பழைய பகுதியில் வார நாட்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நாள் ஒதுக்கும் வழக்கம் உண்டு என்பதால், இருவரும் சேர்ந்து போக வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். கெல்லேர்ட் குளியல் இல்லம் 2025 அக்டோபரில் பெரும் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பட்டினி கிடக்கமாட்டீர்கள். ஃபோசெலேக் என்று ஒன்று உண்டு: பூசணியோ பயறோ பட்டாணியோ கெட்டியாக வேகவைத்த கறி. மேலே இறைச்சி வைத்துத் தருவது வழக்கம், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். லாங்கோஷ் எண்ணெயில் பொரித்த பெரிய ரொட்டி. புளித்த பாலேடும் சீஸும் பூண்டும் மேலே. ஆறிய பழ சூப்பும் உண்டு, புளிப்புச் செர்ரியில் செய்தது. முட்டை சேராத சைவம் என்றால் ஒவ்வொரு இடத்திலும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கொழுப்பில் சமைப்பதும் உண்டு, அதையும் கேளுங்கள்.

வார நாட்களில் மதியம் 'நொப்பி மெனு' என்ற பலகை வைத்த உணவகங்களில் சூப்பும் ஒரு முக்கிய உணவும் குறைந்த விலையில் கிடைக்கும். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இரவு அறையில் தயிர்சாதம் என்று வைத்துக்கொண்டால் செலவு பாதியாகும். சமையலறை உள்ள அறையாக எடுங்கள். அரிசியும் தயிரும் எல்லாக் கடையிலும் உண்டு.

கிராகோவை எப்போது தேர்ந்தெடுக்கலாம்?

இசையைவிட ஓவியமும் வரலாறும் முக்கியம் என்றால், நடந்தே எல்லாம் பார்க்க வேண்டும் என்றால். 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலக மரபுப் பட்டியலிலேயே இடம்பெற்ற பழைய நகரம் அது. சர்தோரிஸ்கி அருங்காட்சியகத்தில் லியோனார்டோ டா வின்சியின் 'எர்மினுடன் ஒரு சீமாட்டி' இருக்கிறது (எர்மின் என்பது கீரி போன்ற ஒரு சிறு விலங்கு). பாரிஸில் மோனாலிசாவை மனிதத் தலைகளுக்கு மேலாகத்தான் பார்க்க முடியும். இங்கே அதே ஓவியரின் படைப்பை அருகில் நின்று பார்க்கலாம். புனித மரியன்னை ஆலயக் கோபுரத்திலிருந்து மணிக்கு ஒருமுறை எக்காளம் ஊதுவார்கள். மெட்டு பாதியில் அறுந்து நிற்கும். உள்ளே ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை செதுக்கிய மரப்பீடத்தைப் பார்க்கத் தனியாக நேரம் வையுங்கள். தேசிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிகள் வாரத்தில் ஒரு நாள் இலவசம்.

சாப்பாட்டுக்கு 'பார் ம்லேச்னி' எனும் பால் உணவகங்கள். அரசு மானியத்தோடு நடப்பவை. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த 'பியெரோகி ருஸ்கியே' கொழுக்கட்டை அங்கே உங்களைக் காப்பாற்றும்.

நாஜிகளின் கொலை முகாமாக இருந்த ஆஷ்விட்ஸ் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். நுழைவு இலவசம், அதிகாரபூர்வ தளத்தில் முன்பதிவு அவசியம், வழிகாட்டிக்குத் தனிக் கட்டணம். அதே நாளில் கிராகோவுக்குப் பக்கத்திலுள்ள வியலிச்கா உப்புச் சுரங்கத்தையும் சேர்த்துக் காட்டும் பயணத் திட்டங்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். பார்த்துவிட்டு வந்த மாலை வேறெதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விசா?

ஹங்கேரி, போலந்து, ஆஸ்திரியா மூன்றுமே ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள் இருக்கும்வரை ஏற்பார்கள், அவ்வளவு தாமதிக்காதீர்கள். அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஒரே ஊரில் தங்குபவர்களுக்கு இதுவும் சுலபம். ரத்து செய்யக்கூடிய அறையாக முன்பதிவு செய்து, விசா கைக்கு வந்த அன்றே ஆபெரா டிக்கெட்டை வாங்குங்கள். அக்டோபர் 2025 முதல் எல்லையில் கைரேகையும் புகைப்படமும் எடுக்கும் புதிய முறை வந்திருப்பதால், இறங்கியதும் வரிசையில் நேரமாகலாம். வந்திறங்கும் மாலைக்குக் கச்சேரி வைக்காதீர்கள்.

கார்டா, ரொக்கமா?

கார்டே போதும். இயந்திரம் 'ரூபாயில் கழிக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர்ப் பணத்திலேயே கொடுங்கள்: ஹங்கேரியில் ஃபோரின்ட், போலந்தில் ஸ்வாட்டி. சந்தைக்கும் லாங்கோஷ் கடைக்கும் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் போய்விட்டு வியன்னாவைப் பார்க்காமல் வருவதா?

ஒரு நாள் போய் வாருங்கள். புடாபெஸ்டிலிருந்து ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் மலிவு. அரங்க டிக்கெட்டில் வியன்னா இன்னும் தாராளமான ஊர்: அரசு ஆபெராவில் நின்றபடி பார்ப்பதற்கான இடங்களைக் குறைந்த விலைக்கே விற்கிறார்கள். செலவு வைப்பது படுக்கைதான். ஆபெரா பார்த்தால் திரும்பும் கடைசி ரயில் தவறிவிடும் என்பதால், ஒன்று அந்த ஓர் இரவுக்கு அங்கே அறை எடுங்கள், அல்லது பகலில் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில், பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் ப்ரூகலின் அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மாலை ரயிலில் திரும்புங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அந்த ஒரு அறையில் இருக்கும் அளவு ப்ரூகல் ஓவியங்கள் உலகில் வேறெங்கும் ஒரே இடத்தில் இல்லை.